நின்றவரை அளந்து உட்கார்ந்தவருக்குத் தைக்காதீர்கள்: அடாப்டிவ் ஆடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து ஆடை, அதாவது அடாப்டிவ் ஆடை, தயாரிப்பது பத்தாண்டுகளாகப் பெரிய பிராண்டுகளின் கவனத்துக்கு வந்திருக்கிறது. எளிதாகப் போட்டுக் கழற்றக்கூடிய நைக்கியின் ஃப்ளைஈஸ் ஷூ 2015இல் கடைக்கு வந்தது. டாமி ஹில்ஃபிகர் 2016இல் குழந்தைகளுக்கும் அடுத்த ஆண்டே பெரியவர்களுக்கும் அடாப்டிவ் ஆடைகளைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். ஆனாலும் இங்கே கடையில் போய் இப்படி ஓர் ஆடை கேட்டால் கிடைப்பது அரிது. புதிதாக இறங்கும் பிராண்டுகளும், அவற்றுக்குத் தைத்துத் தரும் திருப்பூர் யூனிட்டுகளும் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி வரைவு) போடும் மேஜை.

ஏற்கெனவே விற்கும் பேண்டை எடுத்து, பட்டனுக்குப் பதிலாக வெல்க்ரோ வைத்துவிட்டு, 'சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கு' என்று லேபிள் போடுவது மிகப் பரவலான தவறு. அந்த பேண்ட் நிற்கும் உடம்புக்கு வெட்டியது. உட்கார்ந்ததும் அளவுகள் மாறிவிடுகின்றன. பின்பக்கம் துணி போதாமல் இடுப்பு இறங்கி முதுகு தெரியும். முன்பக்கம் மிஞ்சிய துணி வயிற்றடியில் மடிந்து குவியும். முழங்கால் மடங்குவதால் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். எனவே பின் ரைஸை (கவட்டையிலிருந்து இடுப்புவரையிலான உயரம்) உயர்த்தி, முன் ரைஸைக் குறைத்து, கால் நீளத்தைக் கூட்டி வெட்ட வேண்டும். அதற்கு அளவையே நாற்காலியில் உட்கார வைத்து எடுக்க வேண்டும்.

பின் பாக்கெட்டை எடுத்துவிடச் சொன்னால் டிசைனர்கள் தயங்குவார்கள், ஜீன்ஸ் என்றால் பின் பாக்கெட் இருந்தாக வேண்டும் என்பார்கள். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. பாக்கெட் தையல், ரிவெட் எனும் உலோகக் குமிழ், தடித்த நடுத்தையல் ஆகியவற்றின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண்ணாகும். வலி தெரியாததால் யாராவது பார்த்துச் சொல்லும்வரை புண் இருப்பதே தெரியாது. அது ஆற மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை அவர் நாற்காலியில் உட்காரவே முடியாமல் போகலாம். கிருமி எலும்புவரை இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு பாக்கெட்டுக்காக இவ்வளவா? அதைத் தொடையின் மேல்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்தபடி போனை எடுப்பதற்கும் அதுதான் வசதி. சிறுநீர் வெளியேற்றும் குழாயான கதீட்டர் பயன்படுத்துபவருக்கு முன் ஜிப் வழக்கத்தைவிடக் கீழே இறங்க வேண்டும் என்பதையும் இதே கட்டத்தில் பேட்டர்ன் மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காந்த பட்டன். பார்க்கின்சன் நோயால் சட்டை பட்டன் போட முடியாமல் தவித்த கணவருக்காக, அமெரிக்காவில் மோரா ஹார்ட்டன் என்ற பெண்மணி காந்தம் வைத்த சட்டையை உருவாக்கினார். பார்வைக்கு வழக்கமான சட்டைதான். விரல் நடுங்குபவர்களுக்கும் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் அது பெரிய நிம்மதி. ஆனால் எல்லாச் சட்டைக்கும் காந்தம் என்று முடிவெடுப்பது ஆபத்து. உடலுக்குள் பொருத்திய இதயக் கருவிகளிலிருந்து காந்தப்புலம் உள்ள போன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றை 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. தள்ளி வைக்கும்படி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே இருக்கும். சட்டையின் பட்டன் பட்டையிலிருந்து அந்த இடம் எத்தனை அங்குலம் என்று உங்கள் டேப்பை வைத்தே அளந்து பாருங்கள். மூளையில் தேங்கும் நீரை வடிக்க வைக்கும் ஷன்ட்டிலும், வெளியிலிருந்து அழுத்தத்தை மாற்றி அமைக்கும் வகையாக இருந்தால், காந்தம் பக்கத்தில் வந்து அளவு மாறிவிட வாய்ப்புண்டு. ஆகவே காந்தம் உள்ள ஆடையில் எச்சரிக்கை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். லேபிளில் மட்டும் போட்டால் வாங்கிய பிறகுதான் தெரியும், விற்பனைப் பக்கத்திலும் போடுங்கள். அதே சட்டையைக் காந்தம் இல்லாமல் பிரஸ் பட்டனிலோ, பெரிய வளையம் மாட்டிய ஜிப்பிலோ கொடுங்கள்.

வெல்க்ரோவைப் பற்றிச் சுருக்கமாக: துவைக்கத் துவைக்கக் கொக்கிப் பக்கத்தில் பஞ்சு சேர்ந்து பிடிமானம் போகும், தோலை உராயும். பிரிக்கும்போது வரும் சத்தத்தைத் தாங்க முடியாத ஆட்டிசக் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் கழுத்து லேபிளும், துணி விளிம்பில் தடிப்பாக நிற்கும் ஓவர்லாக் தையலும்கூடத் தொல்லைதான். லேபிளைத் துணியிலேயே அச்சடித்து, தட்டையாகப் படியும் ஃப்ளாட்லாக் தையல் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

யார் உடுத்துகிறார், யார் உடுத்திவிடுகிறார் என்று கேட்காமலே டிசைன் போடுவதும் நடக்கிறது. முதுகில் திறக்கும் சட்டை, படுத்திருப்பவருக்கு உடுத்திவிடும் மகளுக்கு வசதி. தானே உடுத்திக்கொள்பவருக்கோ கை முதுகுக்கு எட்டவே எட்டாது. பக்கவாதம் வந்தவர் இயங்காத கையைத்தான் முதலில் நுழைப்பார், அந்தக் கைக்கு அகலமான அக்குள் வேண்டும். சுடிதார் பேண்டின் நாடாவை ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. துப்பட்டா சக்கரக் கம்பியில் சிக்கும். நம் ஊரில் உடுத்தும் ஆடைகளுக்கு இதையெல்லாம் யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான், வெளிநாட்டு பிராண்டின் பேட்டர்னில் இதற்கு விடை இருக்காது.

சாம்பிள் முடிந்த பிறகு ஒரு மாற்றுத்திறனாளியை அழைத்து, 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம் தரும் பழக்கம். அந்தக் கட்டத்தில் அவர் சொல்லும் எதையும் மாற்ற முடியாது. துணி வெட்டும் முன்பே அழையுங்கள், மற்ற ஆலோசகர்களுக்குத் தருவதுபோல் பணம் கொடுங்கள். ஒருவரைக் கேட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. காலுக்குத் தாங்கலாகக் கேலிப்பர் அணிபவரின் பேண்ட் முழங்கால் மூட்டில் உராய்ந்து கிழியும். உயரம் குறைந்த பெரியவருக்குக் குழந்தைகள் பிரிவில் எடுத்தால் கைநீளம் சரியாக இருந்தாலும் தோளும் மார்பும் பிடிக்கும், போதாததற்குப் பொம்மைப் படம் வேறு. சாம்பிளை அவர்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பி, ஒரு முழுநாள் வேலைக்குப் போட்டுப் போய், பலமுறை துவைத்த பிறகு வந்து சொல்லச் சொல்லுங்கள். ட்ரையல் ரூமில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் எந்தத் தையல் குத்துகிறது என்று தெரியாது.

நன்றாகத் தைத்துவிட்டு விற்கும்போது கோட்டை விடுவதும் உண்டு. கை வைக்காமலே போடக்கூடிய கோ ஃப்ளைஈஸ் ஷூவை நைக்கி 2021இல் 120 டாலருக்கு அறிவித்தது. முதலில் குறைந்த எண்ணிக்கையில்தான் வெளியிட்டது. மறுவிற்பனைக்காரர்கள் பல மடங்கு விலை வைக்க, அது உண்மையிலேயே தேவைப்பட்ட பலருக்குக் கிடைக்கவில்லை. முதல் ஆர்டரிலேயே போதுமான எண்ணிக்கை வேண்டும். கடையில் சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு, சுமார் ஒன்றரை மீட்டர் இடமுள்ள ட்ரையல் ரூம் ஒன்றாவது வேண்டும்.

இணையத்தில் விற்றால், மாடல் உட்கார்ந்திருக்கும் படமும் திறப்புகள் திறந்த நிலையில் ஒரு படமும் போடுங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்க, படத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் கொடுங்கள். ஜிப் எந்தப் பக்கம், எந்தக் கையால் இழுக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஒரு கை மட்டும் இயங்குபவர் அந்த வரியைப் பார்த்துத்தான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.