நடால் மாதிரி ஆடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முதலில் நம் ஊர்த் தவறு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் ரீயூனியன் தீவில் இருந்துகொண்டே ரோலான் காரோஸ் யாரோ பழைய டென்னிஸ் சாம்பியன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1888-ல் இங்கே சேன் தெனியில் பிறந்த விமானி அவர். 1913-ல் மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல் முதன்முதலாகப் பறந்து கடந்தவர், முதல் உலகப் போரில் இறந்தார். 1928-ல் பாரிஸில் கட்டிய, பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் நடக்கும் அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் விமான நிலையத்துக்கும் அதே பெயர்தானே!

சரி, அந்த அரங்கத்தை ஆண்ட டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலுக்கு வருவோம். "களிமண்ணில் மட்டும்தான் ஆடத் தெரியும்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் வென்ற 22 கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களில் 14 பாரிஸின் களிமண்ணில் வந்தவை, அங்கே 112 வெற்றி, 4 தோல்வி, உண்மைதான். மீதி எட்டில் அமெரிக்க ஓபன் நான்கு, விம்பிள்டன் இரண்டு, ஆஸ்திரேலியா இரண்டு. அந்த எட்டு மட்டுமே கையில் இருந்தாலும் யாரும் அவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அடித்ததையெல்லாம் திருப்பி அனுப்பும் சுவர் என்று அவரை நினைப்பது. 2008 பாரிஸ் இறுதிப் போட்டியில் ஃபெடரரை 6-1, 6-3, 6-0 என்று முடிக்க அவருக்கு 1 மணி 48 நிமிடம்தான் ஆனது. எதிராளி தானாகத் தப்பு செய்யட்டும் என்று காத்திருக்கிறவர் அப்படியா முடிப்பார்? பாரிஸின் களிமண் தளம் என்பது செங்கல் தூள் போட்ட தளம், அதில் உராய்வு அதிகம், பந்து பட்டதும் வேகம் குறைந்து உயரமாக எழும்பும். இடதுகைக்காரரான நடால் கனமான டாப்ஸ்பின்னோடு (பந்து முன்னோக்கிச் சுழல்வது) குறுக்கே அடித்த ஃபோர்ஹேண்ட், ஒற்றைக்கை பேக்ஹேண்ட் ஆடும் ஃபெடரருக்குத் தோளுக்கு மேலே போய் நின்றது. அந்த உயரத்தில் ஓங்கி அடிக்க முடியாமல் திரும்பி வரும் அரைகுறைப் பந்துக்கு நடால் முன்னாலேயே நகர்ந்து நின்றிருப்பார். பாரிஸில் இருவரும் ஆறு முறை மோதினார்கள், ஆறும் நடாலுக்கே. 2009-ல் ஸ்வீடன் வீரர் சோடர்லிங் தட்டையாக, வேகமாக அடித்து நடாலின் இந்த உத்தியைக் கலைத்து அங்கே அவரைத் தோற்கடித்தார், அது வேறு கதை.

இடதுகை என்றதும் பிறவியிலேயே என்று எழுதிவிடாதீர்கள். பேனா பிடிப்பது வலது கையில்.

அப்புறம் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் செய்வது. ராக்கெட் தலைக்கு மேலே சுற்றி முடிகிற அந்த ஃபோர்ஹேண்டைப் பார்த்துவிட்டு மணிக்கட்டை மட்டும் சுழற்றுவது. நானும் சுழற்றினேன், முழங்கை வலியில் ஒன்றரை மாதம் ராக்கெட்டைத் தொடவில்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, ராக்கெட்டைப் பந்துக்குக் கீழேயிருந்து மேலே கொண்டுபோவதில்தான் அந்தச் சுழற்சி பிறக்கிறது. தலைக்கு மேலே போவது கடைசியில் நடப்பது, நாம் அதிலிருந்து தொடங்குகிறோம்.

சர்வை வாங்க நடால் எவ்வளவு பின்னால் நின்றார் என்று பார்த்துவிட்டு அப்படியே நிற்பதும் வேண்டாம். பாரிஸின் பெரிய கோர்ட்டில் பின்னால் தாராளமாக இடம் இருக்கிறது, எங்கள் கோர்ட்டில் அவ்வளவு தூரம் போனால் முதுகில் கம்பிவேலி இடிக்கும். தவிர, பந்தைத் திருப்பி அனுப்பியதும் அவர் விறுவிறுவென்று பின்கோட்டுக்கு ஏறி வந்துவிட்டார், நம்மாட்கள் அங்கேயே நின்று மூச்சு வாங்குவார்கள்.

கடைசியாகச் சறுக்கல். அடித்து முடித்தபின் சறுக்குகிறவர்களுக்குப் பந்தும் போகும், திரும்பி ஓட நேரமும் போகும். பந்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போய், நிற்கிற நேரத்தில் அடிக்க வேண்டும். 2022 பாரிஸ் காலிறுதியில் நடால் ஜோகோவிச்சோடு ஆடிய ஆட்டம் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு நடாலின் கால்களை மட்டும் பாருங்கள். நமக்கு விடியற்காலை மூன்று மணி தாண்டி முடிந்த ஆட்டம் அது, அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் சிமெண்ட் தளத்தில் மட்டும் முயலாதீர்கள், கணுக்கால் தாங்காது.