ஸோவாந்திட்டின் கழுத்தைப் பாருங்கள்

திருகோணமலையில், டச் பே கரையில் கோணமலை தொடங்குகிற இடத்துப் பாறைகளில் பாசி ஒட்டியிருக்கும். அலை ஏறும்போது அது கரைப்பக்கம் சாயும், இறங்கும்போது கடல்பக்கம் சாயும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். ஆனால் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்குள்ளும் தண்ணீர் அப்படித்தான் போய்வர வேண்டும் என்பது, ஒரு ஸோவாந்திட் கூட்டத்தைச் சாகக் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸோவாந்திட் என்பது கல்லில் ஒட்டி, சின்னத் தண்டுகளின் மேல் பூப்போலத் தலை விரிக்கிற, தொட்டிக்காரர்கள் பவளம் என்றே சொல்கிற கடல் உயிர்.

என் தொட்டி இரண்டரை அடி நீளம், நூறு லிட்டர் சொச்சம். கொழும்பில் வளர்க்கிற நண்பர் ஒருவர் பன்னிரண்டு தலை உள்ள ஒரு துண்டைத் தந்தார். பச்சை வட்டம், நடுவில் செம்மஞ்சள். நல்ல நீரோட்டம் வேண்டுமென்று நினைத்து அதைப் பம்புக்கு நேரே வைத்தேன். ஒன்பது நாள் ஒரு தலைகூட விரியவில்லை. சரி, ஓட்டம் கூடிவிட்டது என்று கல்லின் பின்பக்க மூலைக்கு மாற்றினேன். விரிந்தது. மூன்றாவது வாரம் தலைகளுக்கு நடுவே மண்ணிறத் தூசி படிந்து, தலைகளை இணைக்கிற அடிப்பாய் கரையத் தொடங்கிவிட்டது.

இப்போது செய்வது இதுதான். பம்பைப் பவளத்தைப் பார்த்து வைப்பதில்லை, முன் கண்ணாடியைப் பார்த்து வைக்கிறேன். கண்ணாடியில் மோதிச் சிதறி வருகிற தண்ணீர் கூட்டத்தின் மேல் தவழும். மணிக்கு 2000 லிட்டர் தள்ளுகிற ஒன்று என் தொட்டிக்குப் போதும். அதையும் டைமரில் விட்டு விட்டு ஓட விடுகிறேன். விரிந்த தலைகளின் ஓரத்து மயிர்கள் லேசாக நடுங்கினால் அளவு சரி. எல்லாத் தலையும் ஒரே பக்கம் படுத்தே கிடந்தால் அதிகம். நடுவில் தூசி தங்கினால் குறைவு. கிழமைக்கு ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் குழாயால் மெதுவாக ஊதித் தூசியைக் கிளப்பிவிடுவேன்.

வெளிச்சத்துக்கு அளவுமானி என்னிடம் இல்லை. வைத்திருப்பவர்களுக்கு, 50 முதல் 150 பார் (PAR, பாசி உணவு செய்யப் பயன்படுகிற வெளிச்சத்தின் அளவு) வரை ஸோவாந்திட்டுக்குத் தாராளம். மற்றவர்களுக்குக் கழுத்துத்தான் மானி. தண்டு நீண்டு, தலைகள் மேலே எக்கி நின்றால் வெளிச்சம் போதவில்லை. தலை சுருங்கி, கல்லோடு ஒட்டி, நிறமும் வெளுத்தால் கூடிவிட்டது. புது எல்ஈடி வாங்கிய உற்சாகத்தில் முதல் நாளே முழு வெளிச்சம் போட்டவன் நான். தலையெல்லாம் கடுகு மாதிரி ஆகிவிட்டது. பிறகு முப்பது வீதத்துக்கு இறக்கி, கிழமைக்கு ஐந்து வீதமாக ஏற்றினேன். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம் எரிந்தால் போதும். இரவு லைற் அணைந்ததும் பல வகைகள் மூடிக்கொள்ளும், அதற்குப் பதற வேண்டாம்.

ஓட்டத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக நினைத்ததுதான் என் பிழை. பவளத்தின் உடம்புக்குள் இருக்கிற நுண்பாசி வெளிச்சத்தில் உணவு செய்யும்போது ஒட்சிசனும் சுரக்கும். வெளிச்சம் கூடக் கூட அதுவும் கூடும். அளவுக்கு மிஞ்சித் தேங்கினால் அந்தத் திசுவுக்கே கேடு. அதை அள்ளிக்கொண்டு போவது ஓட்டம். ஆகவே லைற்றை ஏற்றுகிற கிழமை ஓட்டத்தைக் குறைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம், எது செய்த வேலை என்று பிறகு தெரியாது.

ஜன்னல் வெயில் இலவசம்தானே என்று தொட்டியை அங்கே கொண்டுபோய் வைக்கிறவர்கள் உண்டு. கச்சான் அடிக்கிற மாதங்களில் நம் ஊரில் அறையே கொதிக்கும். தண்ணீர் 27 பாகை தாண்டாமல் பார்க்க நான் மேற்பரப்பில் ஒரு சின்ன விசிறி வைத்திருக்கிறேன். ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல.

கையுறையும் கண்ணாடியும் போடாமல் ஸோவாந்திட்டை வெட்டாதீர்கள். சில வகைகளில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவே கூடாது, நஞ்சு ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். புறாத் தீவில் நீந்தப் போகும்போது ஒரு துண்டு கிள்ளி வரலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. அது 2003 முதல் தேசிய பூங்கா. கிள்ளினால் குற்றம்.

2022 மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். லைற் ஒரு நாள் இல்லாததைப் பவளம் தாங்கும். தண்ணீர் அசையாமல் நின்றால் தாங்காது. பற்றரியில் ஓடுகிற ஒரு காற்றுப் பம்பை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை பற்றரியில் சார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.