லினக்ஸில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தானாக மவுண்ட் ஆக என்ன செய்யணும்

எஸ்எஸ்டியில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுவிட்டு, படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகி (ஒரு ஃபோல்டரோடு இணைந்து) தயாராக இருக்காது, ஃபைல் மேனேஜரில் இடது பக்கம் அதன் பெயரைச் சொடுக்கினால்தான் திறக்கும். ஒரு சொடுக்கு பெரிய வேலை இல்லைதான், ஆனால் ஜெல்லிஃபின் (வீட்டு மீடியா சர்வர்), டோரன்ட், இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் இதெல்லாம் நீங்கள் வந்து சொடுக்கும்வரை காத்திருக்காது. ஃபோல்டரைக் காணோம் என்று நின்றுவிடும்.

முதலில் சுலபமான வழி. மெனுவில் டிஸ்க்ஸ் என்று ஒரு ஆப் இருக்கும், உபுண்டுவிலும் மின்ட்டிலும் பெரும்பாலும் கூடவே வரும். அதில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷனுக்குக் கீழே உள்ள பல்சக்கரப் பட்டனை அழுத்தி, எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ் போங்கள். மேலே உள்ள யூசர் செஷன் டிஃபால்ட்ஸை அணைத்தால்தான் மற்ற பெட்டிகள் திறக்கும். மவுண்ட் அட் சிஸ்டம் ஸ்டார்ட்டப் டிக் ஆகியிருக்கணும். மவுண்ட் பாயின்ட்டில் நீளமாக ஏதாவது இருந்தால் அழித்துவிட்டு /எம்என்டி/டேட்டா மாதிரி சின்னதாக வையுங்கள். (இந்தக் குறிப்பில் தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளையும் பாதைகளையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கணும், யூயூஐடி என்ற சொல் மட்டும் பெரிய எழுத்து.) ஐடென்டிஃபை ஆஸ் என்ற இடத்தில் யூயூஐடி (பார்ட்டிஷனை அடையாளம் காட்டும் தனி எண்) உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். ஓகே கொடுத்து பாஸ்வேர்டு போட்டால் முடிந்தது. பலருக்கு இதுவே போதும்.

இந்த ஆப் உண்மையில் செய்வது, /ஈடிசி/எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி சேர்ப்பதுதான். திரை இல்லாத சர்வர் என்றால் அந்த வரியை நாமே எழுதணும். எழுதும் முன் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள், இதை மட்டும் தாண்டிப் போகவே போகாதீர்கள். அப்புறம் டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே -எஃப் அடித்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் அதன் ஃபைல் சிஸ்டமும் (லினக்ஸின் ஈஎக்ஸ்டி4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் மாதிரி) யூயூஐடியும் வரும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை எஃப்எஸ்டேப்பில் போடவே வேண்டாம். அவை கெர்னல் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் வரிசைப்படி வருபவை, ஒரு யூஎஸ்பி டிஸ்க் கூடுதலாகச் செருகியிருந்தால்கூட மாறிவிடலாம். யூயூஐடி பார்ட்டிஷனில் உள்ள ஃபைல் சிஸ்டத்தோடு ஒட்டியது, கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் அதுவேதான்.

சுடோ எம்கேடிர் /எம்என்டி/டேட்டா என்று காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிவிட்டு, எஃப்எஸ்டேப்பின் கடைசியில் இப்படி ஒரு வரி:

யூயூஐடி=(உங்கள் எண்) /எம்என்டி/டேட்டா ஈஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

எந்தப் பார்ட்டிஷன், எங்கே, எந்த ஃபைல் சிஸ்டம், என்ன விருப்பங்கள் என்று நான்கு பகுதிகள். ஐந்தாவதான 0 பழைய டம்ப் பேக்கப்புக்கானது, அப்படியே விடுங்கள். கடைசி 2, பூட்டின்போது ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் வரிசை: ரூட்டுக்கு (லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷன்) 1, மற்றவற்றுக்கு 2, என்டிஎஃப்எஸ் என்றால் 0. விருப்பங்களில் கமாவுக்குப் பின் இடைவெளி விடக் கூடாது, விட்டால் அதை அடுத்த பகுதி என்று எடுத்துக்கொள்ளும்.

நோஃபெயில் என்ற அந்த ஒரு சொல்தான் இந்த வரியிலேயே முக்கியம். அது இல்லாமல், ஒருநாள் டிஸ்க் கழன்றோ கெட்டுப்போயோ இருந்தால், பூட்டைக் கவனிக்கும் சிஸ்டம்டி என்ற புரோகிராம் அதற்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, பூட்டை நிறுத்தி எமர்ஜென்சி மோட் என்று கறுப்புத் திரையைக் காட்டும். படம் வைத்திருக்கும் டிஸ்க் போனதற்காக மொத்தக் கம்ப்யூட்டரும் முடங்கணுமா? நோஃபெயில் இருந்தால் டிஸ்க் இல்லாமலே பூட் ஆகிவிடும்.

சேமித்த கையோடு ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். முதலில் சுடோ ஃபைன்ட்எம்என்டி --வெரிஃபை, அது எழுத்துப் பிழையிலிருந்து இல்லாத யூயூஐடி வரை சொல்லிவிடும். அப்புறம் சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு. ஏற்கெனவே சொடுக்கித் திறந்திருந்த டிஸ்க்கை மூடிவிட்டு சுடோ மவுண்ட் -ஏ. எந்தச் செய்தியும் வராமல் அடுத்த வரிக்கு வந்தால் சரி, ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். அப்படியும் எமர்ஜென்சி மோடில் மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, எஃப்எஸ்டேப்பில் அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மவுண்ட் ஆகியும் எழுத முடியவில்லையா? ஈஎக்ஸ்டி4 என்றால், மவுண்ட் ஆன பிறகு சுடோ சிஎச்ஓடபிள்யூஎன் கட்டளையால் அந்த ஃபோல்டரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், ஒருமுறை செய்தால் போதும். என்டிஎஃப்எஸ்ஸில் அது செல்லாது, விருப்பங்களிலேயே யூஐடி=1000,ஜிஐடி=1000 சேர்க்கணும் (உபுண்டுவில் முதல் பயனரின் எண் வழக்கமாக 1000, ஐடி என்று அடித்தால் உங்களுடையது தெரியும்). விண்டோஸும் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸில் டிஸ்க் படிக்க மட்டும் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது.

நோஃபெயில் போட்டவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க் வராத நாளில் /எம்என்டி/டேட்டா வெறும் காலி ஃபோல்டராக எஸ்எஸ்டியில் இருக்கும். ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓடும் பேக்கப் அது தெரியாமல் அதிலேயே எழுதித் தள்ளி ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிடும். இதைத் தடுக்க, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்த நிலையில் சுடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/டேட்டா கொடுங்கள். அந்தக் காலி ஃபோல்டரில் ரூட்டாலும் எழுத முடியாது, டிஸ்க் அதன்மேல் மவுண்ட் ஆனதும் வழக்கம்போல வேலை செய்யும்.

பின்னாளில் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும், எஃப்எஸ்டேப்பிலும் புது எண்ணைப் போடணும்.