நாய்க்குட்டி உச்சா, வீட்டு நாத்தம்: நாங்க பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

2023 பிப்ரவரி, தென்னாப்பிரிக்கா டர்பன்ல லோட்ஷெடிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்துறது) உச்சத்துல இருந்த நேரம், ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் இல்லாத இருட்டுல தண்ணி குடிக்க எந்திரிச்சு போனேன், ஹால் கார்பெட்ல வெறுங்காலு வெதுவெதுன்னு நனைஞ்சுது. நாய் வளர்த்தவங்களுக்கு மேல சொல்ல வேண்டாம். எங்க வீட்டுக்கு முறுக்கு வந்து அப்ப நாலு நாள் தான் ஆச்சு, 8 வாரக் குட்டி, வாலு சுருண்டு இருக்கும் அதான் அந்தப் பேரு. டர்பன்ல நம்ம ஆளுங்க அதிகமா இருக்கிற சாட்ஸ்வொர்த்ல எங்க தெருவுல பாதி வீட்டுல நாய் உண்டு, அதனால அட்வைஸுக்கு பஞ்சமே இல்ல, அதுல பாதி தப்பான அட்வைஸ், அத்தனையையும் நாங்க வரிசையா செஞ்சு பாத்தோம்.

முதல் தப்பு, நம்ம மூக்க நம்புறது. துடைச்சாச்சு, வாடை இல்ல, முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்க தான் எல்லாம் கெட்டுப் போகுது. மனுஷன் மூக்குல வாசனை பிடிக்கிற செல் அம்பது அறுபது லட்சம்னா நாய்க்கு 20 கோடிக்கு மேலன்னு சொல்றாங்க. நமக்கு சுத்தமான இடம் அதுக்கு "டாய்லெட் இங்கே"ன்னு போர்டு மாட்டின இடம். உச்சாவுல யூரியா இருக்கு, கிருமிங்க அத உடைச்சு அம்மோனியாவா மாத்தும், அதனால தான் புதுசுல சும்மா இருக்கிற இடம் ரெண்டு நாள் கழிச்சு மூக்க துளைக்குது. அதுவும் டர்பன் கோடை இருக்கே, காத்தே நனைஞ்ச துணி மாதிரி இருக்கும், காஞ்சு போன கறையில ஈரக்காத்து பட்டா நாத்தம் திரும்ப கிளம்பும். ஜூன் ஜூலையில காத்து காஞ்சு இருக்கும்போது "போயிடுச்சு"ன்னு நிம்மதியா இருந்த மூலை நவம்பர் மழையில "நான் இங்க தான் இருக்கேன்"னு சொல்லும்.

அடுத்தது ப்ளீச். இங்க ப்ளீச்னாலே எல்லாருக்கும் ஜிக் தான், எந்த கம்பெனி பாட்டிலா இருந்தாலும் ஜிக். எங்க வீட்டுக்காரர் டைல்ஸ்ல இருந்த உச்சா மேலயே அப்படியே ஊத்திட்டாரு, கொஞ்ச நேரத்துல ரெண்டு பேருக்கும் கண்ணு எரிஞ்சு இருமல் வந்துடுச்சு. உச்சாவுல இருக்கிற அம்மோனியாவும் ப்ளீச்சும் சேர்ந்தா குளோரமைன்னு ஒரு வாயு வரும், சின்ன ரூம்ல அது விளையாட்டு இல்ல. அது போதாதுன்னு அதுக்கு மேல வினிகரும் ஊத்துறவங்க இருக்காங்க, அப்ப வர்றது குளோரின் வாயு, இன்னும் மோசம். அம்மோனியா கலந்த ஃப்ளோர் க்ளீனரும் வேண்டாம், அந்த வாடை நாய்க்கு இன்னொரு நாய் உச்சா போன மாதிரியே இருக்கும், வா வான்னு கூப்பிடுற மாதிரி.

நம்ம ஆளுங்களுக்குன்னு தனி தப்பு சிலது இருக்கு. வெள்ளிக்கிழமை சாமி விளக்கு ஏத்துற வீட்டுல நாய் நாத்தமான்னு நான் சாம்பிராணி போட்டேன், சாம்பிராணியும் உச்சாவும் சேர்ந்து ஒரு வாடை வந்துச்சு, அதுக்கு உச்சாவே பரவால்ல. மஞ்சத்தண்ணி தெளிச்சேன், க்ரீம் கலர் கார்பெட்ல, அந்த மஞ்சள் இன்னும் அப்படியே இருக்கு. மூலைக்கு மூலை பாச்சா உருண்டை போடச் சொன்னாங்க, அத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, குட்டி எதையும் வாயில போடும், நாஃப்தலீன் உருண்டை ஒன்னு உள்ள போனாலே அதோட ரத்த அணுக்கள் உடைஞ்சு போகலாம். தண்ணி பட்டா பால் மாதிரி ஆகுற கருப்பு பினாயிலும் அப்படித்தான், ஃபீனால் வகை, தரையில போட்டா குட்டி காலுல ஒட்டும், கால நக்கும், உள்ள போயிடும். அதுலயே நாய குளிப்பாட்டுற பழக்கம் வேற இங்க பல வீட்டுல இருக்கு, உண்ணி போகும்னு. உண்ணிக்கு வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட மருந்து இருக்கு.

சரி என்ன தான் பண்றது? பாத்த உடனே தேய்க்காதீங்க, தேய்ச்சா கார்பெட்டுக்குள்ள இறங்கும். பழைய டவல மடிச்சு போட்டு மேல ஏறி நில்லுங்க, டவல் நனையுறது நிக்கிற வரைக்கும் மாத்தி மாத்தி. அப்புறம் பச்சைத் தண்ணி கொஞ்சம், மறுபடி டவல். அதுக்கப்புறம் என்சைம் க்ளீனர், பெட் ஷாப்ல கேட்டா குடுப்பாங்க. இதுலயும் நாங்க கோட்டை விட்டோம், ஸ்ப்ரே பண்ணி ரெண்டு நிமிஷத்துல துடைச்சுட்டு "இது வேலை செய்யல, காசு வேஸ்ட்"னு திட்டினோம். அது உச்சா எவ்வளவு ஆழம் போச்சோ அவ்வளவு ஆழம் நனையணும், பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஈரமாவே இருக்கணும், அப்ப தான் நாத்தத்துக்கு காரணமானத உடைக்கும். முன்னாடியே ப்ளீச் போட்ட இடம்னா நல்லா தண்ணி விட்டு அலசிட்டு போடுங்க, இல்லனா ப்ளீச் என்சைமையும் சேத்து கொன்னுடும். என்சைம் கிடைக்கலன்னா வினிகரும் தண்ணியும் சரிபாதி, காஞ்சப்புறம் பைகார்ப் (சமையல் சோடா) தூவி மறுநாள் வேக்யூம். ஸ்டீம் க்ளீனர் மட்டும் வேண்டாம், சூடு கறையையும் வாடையையும் நாருக்குள்ள உட்கார வச்சுடும். இருட்டுல ஒரு யூவி டார்ச் அடிச்சு பாருங்க, பழைய உச்சா பளபளன்னு தெரியும். நாங்க மூணு இடம்னு நினைச்சோம், எண்ணிப் பாத்தா பதினொன்னு, அதுல நாலு சோஃபாவுக்கு பின்னாடி.

ஏன் சோஃபாவுக்கு பின்னாடி? நாங்க திட்டினதால. பக்கத்து வீட்டு ஆன்டி, பாசமானவங்க தான், தெரு நாய "ஃபுட்செக்"னு (இங்க 'ஓடிப் போ'ங்கறதுக்கு அதட்டுற வார்த்தை) ஒரு அதட்டு போட்டா கேட் தாண்டி ஓடும், அவங்க சொன்னாங்க "மூஞ்சிய அதுல தேய்ச்சு விடு கண்ணு, ஒரே நாள்ல கத்துக்கும்"னு. ஒரு தடவை செஞ்சோம், எனக்கு இன்னும் மனசு உறுத்துது. அது கத்துக்கிட்டது "வீட்டுக்குள்ள உச்சா போகக்கூடாது"ங்கறது இல்ல, "இவங்க பாக்கும்போது போகக்கூடாது"ங்கறது. விளைவு என்னன்னா வெளிய புல்லுல கொண்டு போய் விட்டாலும் நாங்க நிக்கிறதப் பாத்து அடக்கிட்டு, உள்ள வந்து ஒளிஞ்சு உச்சா போச்சு. "இல்லப்பா, தப்பு பண்ணத அதுக்கே தெரியும், முழிய பாரு"ம்பாங்க. அந்த முழிய நாய்ங்கள பத்தி ஆராய்ச்சி பண்ற அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல சோதிச்சு பாத்தாங்க, நாய் தப்பு செஞ்சுதா இல்லையாங்கறதுக்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்ல, ஓனர் திட்டினா தான் அந்த முழி வருது. நம்ம கோவத்த பாத்து பயப்படுது, அவ்வளவு தான்.

நேரக் கணக்கு ஈஸி. குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒன்னு கூட்டுங்க, பகல்ல அத்தனை மணி நேரம் தான் அதிகபட்சம் அடக்கும், ரெண்டு மாசக் குட்டின்னா மூணு மணி நேரம், அதுவும் சும்மா இருந்தா தான். தூங்கி எந்திரிச்சதும், சாப்பிட்டு பத்து இருபது நிமிஷத்துல, விளையாடி முடிச்சதும் வெளிய தூக்கிட்டு ஓடணும். நாங்க காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை கூட்டிட்டு போயிட்டு "இது மக்கு நாய்"னோம், மக்கு யாருன்னு அப்புறம் தெரிஞ்சுது. இன்னொன்னு, போன உடனே அந்த இடத்துலயே கொஞ்சி ஒரு துண்டு பிஸ்கட் குடுங்க, கிச்சனுக்கு வந்து டப்பா தேடி குடுத்தா அது எதுக்கு குடுக்குறீங்கன்னு அதுக்கு புரியாது. போயி முடிச்ச நொடியே உள்ள இழுத்துட்டு வராதீங்க, போனா வெளிய இருக்கிற ஜாலி முடிஞ்சுடும்னு அடக்க ஆரம்பிச்சுடும். முழு வீட்டையும் முதல் நாளே திறந்து விடாதீங்க, ஒரு ரூம், ஒரு பேபி கேட், போதும்.

தடுப்பூசி முடியாததால பார்வோ (குட்டிங்கள தாக்குற வைரஸ்) பயத்துல ரோட்டுப் பக்கம் இறக்காம இருந்தது சரி தான், ஆனா சொந்த யார்டுக்கு கூட விடாம ஒரு மாசம் நியூஸ்பேப்பர்ல பழக்கினோம், அப்புறம் அது பேப்பர தவிர எதுலயும் போகாது. எங்க மாமா ஞாயித்துக்கிழமை பேப்பர விரிச்சு வச்சு படிச்சிட்டு டீ எடுக்க போனாரு, திரும்பி வரும்போது நியூஸ் எல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு.

நவம்பர்ல தீபாவளி வந்துச்சு, தெரு பூரா வெடி, எட்டு மாசமா ஒழுங்கா இருந்தது மூணு நாள் கட்டிலுக்கடியில உச்சா போச்சு. அதுக்கு திட்டல, பழைய டைம்டேபிளுக்கே திரும்பினோம், ஒரு வாரத்துல சரியாச்சு. வெடியும் இல்ல ஒன்னும் இல்ல, நல்லா பழகின குட்டி திடீர்னு சொட்டு சொட்டா அடிக்கடி போகுதுன்னா அது பழக்கமில்ல, இன்ஃபெக்ஷனா இருக்கலாம், வெட் கிட்ட காட்டுங்க. நம்மள பாத்த சந்தோஷத்துல வாலாட்டிக்கிட்டே ரெண்டு சொட்டு விடுறது வேற, கண்டுக்காம விட்டா வளர வளர போயிடும்.

சோஃபாவுக்கு பின்னாடி இருந்த இடம் மட்டும் எதுக்கும் மசியல. கார்பெட்ட தூக்கிப் பாத்தா அடியில இருக்கிற ஸ்பான்ஞ்ச் முழுக்க மஞ்சள். அந்த ஸ்பான்ஞ்ச மட்டும் ஒரு சதுரம் வெட்டி எடுத்து, கீழ சிமெண்ட்ட என்சைம் போட்டு ஊற வச்சு, மூணு நாள் ஃபேன் போட்டு காய வச்சு, புது ஸ்பான்ஞ்ச் துண்டு வச்சு மூடினோம். முறுக்கு வந்து அந்த இடத்த ஒரு நிமிஷம் மோந்து பாத்துச்சு, அப்புறம் அங்கயே சுருண்டு படுத்து தூங்கிருச்சு.