பயோடீசல் கழிவில் ஈஸ்ட் வளர்த்துப் புரதம் எடுப்பது எப்படி?

100 கிலோ எண்ணெயை பயோடீசலாக மாற்றினால் அடியில் சுமார் 10 கிலோ கிளிசரால் தங்கும். டிகாஷன் நிறம், பிசுபிசுப்பு. உள்ளே சோப்பு, மெத்தனால், உப்பு. சென்னை ஓட்டல்களில் பஜ்ஜி, பூரி பொரித்து மீந்த எண்ணெய் என்றால் சோப்பு இன்னும் கூடும். சூடேறிச் சூடேறி அந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் பெருகியிருக்கும். இதைச் சுத்தம் செய்தால் பிச்சியா பாஸ்டோரிஸ் ஈஸ்டுக்கு அருமையான தீனி. உரிய மரபணுவைச் சேர்த்துவிட்டால், கோழித்தீவனத்துக்கான ஃபைடேஸ் போன்ற நொதிப் புரதங்களை அது தான் வளரும் ஊடகத்திலேயே (சத்துக் கரைசலிலேயே) சுரந்து தரும்.

ஸ்ட்ரெயினை (ஈஸ்ட் ரகத்தை) முதலில் முடிவு செய்யுங்கள். ஏஓஎக்ஸ்1 என்ற புரமோட்டரை (மரபணுவை இயக்கும் சுவிட்சை) கிளிசரால் அடக்கிவிடும்; ஈஸ்ட் கொழுகொழுவென்று வளரும், புரதம் வராது. புதியவர்கள் கிளிசராலிலும் இயங்கும் ஜிஏபி புரமோட்டர் உள்ளதையே எடுங்கள். மரபணு மாற்றிய உயிரி என்பதால் கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழு அனுமதி கட்டாயம்.

படி 1: மெத்தனாலை விரட்டுதல்

500 மிலி கழிவை 1 லிட்டர் பீக்கரில் ஊற்றுங்கள். சின்ன பீக்கர் வேண்டாம், சோப்பு பொங்கி வழியும். ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு), ஹாட் பிளேட்டில் 80 டிகிரியில், எடை குறைவது நிற்கும்வரை கலக்குங்கள். மெத்தனால் 65 டிகிரியிலேயே ஆவியாகும்; தீப்பிடிக்கும், கண் பார்வையையே பறிக்கும். அருகில் சுடர் கூடவே கூடாது.

படி 2: சோப்பை உடைத்தல்

வேலையே இங்கேதான். 60 டிகிரிக்கு ஆறியதும் 125 மிலி காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச்சை 3க்குக் கொண்டுவாருங்கள். பிரிபுனலில் ஓர் இரவு வையுங்கள். மேலே கறுத்த கொழுப்பு அமிலம், நடுவில் தெளிந்த கிளிசரால், அடியில் வெள்ளை உப்பு. நடு அடுக்கை மட்டும் எடுங்கள். மேலடுக்கு துளி கலந்தாலும் பிஹெச்சை உயர்த்தும்போது மீண்டும் சோப்பாகி, ஷேக்கரில் (பிளாஸ்கை ஆட்டும் கருவி) நுரை கிளம்பும்.

பயோடீசல் செய்தவரிடம் எந்தக் காரம் போட்டார் என்று கேளுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால், எஞ்சும் பொட்டாசியம் பாஸ்பேட் ஈஸ்டுக்கே உரம். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் உப்புச் சுமைதான் மிஞ்சும்.

பிறகு பிஹெச்சை 6 ஆக்கி, வடிகட்டி, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். கிளிசரால் அளவைப் பெர்அயோடேட் டைட்ரேஷனில் பாருங்கள். அடர்த்தியை நம்பாதீர்கள், கரைந்த உப்பு ஏமாற்றும்.

படி 3: ஊடகம்

100 மிலிக்கு: ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 கிராம், பெப்டோன் 2 கிராம் இரண்டையும் 70 மிலி நீரில் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஆறியபின் 1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர் (பிஹெச் 6) 10 மிலி, 10 மடங்கு செறிவுள்ள ஒய்என்பி (ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் என்ற சத்துக் கலவை) 10 மிலி, 0.02 சதவீத பயோட்டின் 0.2 மிலி, கிளிசரால் 1 கிராம். உங்கள் கரைசலில் லிட்டருக்கு 600 கிராம் இருந்தால் 1.67 மிலி போதும். மீதியைக் கிருமி நீக்கிய நீரால் நிரப்புங்கள். ஒய்என்பி, பயோட்டின் இரண்டையும் 0.2 மைக்ரான் ஃபில்டரில்தான் வடிக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதன் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்படிவாக இறங்கும்.

படி 4: வளர்ப்பு

1 லிட்டர் பிளாஸ்கில் 100 மிலி மட்டும். இந்த ஈஸ்டுக்குக் காற்று நிறைய வேண்டும். முந்தைய இரவு வளர்த்த ஈஸ்டைச் சேர்த்து 28 டிகிரி, 220 ஆர்பிஎம். மே மாதச் சென்னையில் குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கரை நம்பாதீர்கள். 32 டிகிரியைத் தாண்டினால் புரதம் சரியும்.

கூடவே இரண்டு பிளாஸ்க் வையுங்கள்: சுத்தக் கிளிசராலில் ஒன்று, ஈஸ்ட் போடாத கழிவுக் கிளிசராலில் ஒன்று. இரண்டாவதை விட்டுவிட்டால், கலங்கலாக நிற்கும் கொழுப்புத் துகளையே வளர்ச்சி என்று ஓடி மீட்டர் (கலங்கலை அளக்கும் கருவி) காட்டும்.

24, 48, 72 மணி நேரத்தில் 1 மிலி எடுத்து 3000 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுங்கள். புரதம் மேல்நீரில் இருக்கும். ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள், புரதம் பட்டையாகத் தெரியும். 72இல் பட்டை மங்கினால் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தின்கிறது, 48இலேயே அறுவடை செய்து 4 டிகிரியில் வையுங்கள். மிச்ச ஈஸ்டை ஆட்டோகிளேவ் செய்த பிறகே கொட்ட வேண்டும்.