ரிவால்வரை இடுப்பில் செருகும் முன்: புது லைசென்ஸ்காரர்களுக்கு

மேலூர் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் கைக்கு வந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, என்ன தோட்டா வாங்கட்டும்?"

முதலில் தோட்டாவையே பார்ப்போம். நம் ஊரில் லைசென்ஸுக்குக் கிடைக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32. கடையில் "முப்பத்திரண்டு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரில் இரண்டு தோட்டா உண்டு. ரிவால்வருக்கு உரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். பித்தளைக் கூடு 23 மி.மீ. நீளம், அடியில் விளிம்பு நன்றாகத் துருத்தி நிற்கும். .32 ஏசிபி பிஸ்டலுக்கு உரியது. கூடு 17 மி.மீ.தான். குழலில் பொறித்திருப்பதும் அட்டைப்பெட்டியில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். பலம் வேண்டுமென்று 9 மி.மீ. தேடாதீர்கள், அது தடை செய்யப்பட்ட ரகம். குறி தவறாத கைக்கு .32 போதும் என்பது என் கருத்து.

அப்பாவின் தோல் பெல்ட்டில் செருகியே கிடந்த தோட்டாக்களை ஒரு மழைக்காலம் கழித்து உருவிப் பார்த்தேன். பித்தளையில் பச்சை பூத்து, தொட்டால் பாசி போலப் பிசுபிசுத்தது. இரண்டு தோட்டா சிலிண்டருக்குள் (தோட்டா போடும் சுழல் உருளை) பாதிக்கு மேல் இறங்கவே இல்லை. தோல் பதனிடும் ரசாயனம் பித்தளையை அரிக்கும். அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள். துப்பாக்கி எண்ணெயும் படக்கூடாது. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

அடுத்து, கையில் எடுக்கும்போது. குழல் ஆளில்லாத பக்கம், விரல் ட்ரிகருக்கு வெளியே. கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் பெரும்பாலும் நடுவில் மடங்கித் திறக்கும். ஆறு அறையையும் கண்ணால் எண்ணி, விரலாலும் தடவிப் பாருங்கள். பழைய ரிவால்வர் சிலவற்றில் ஹேமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கலாம். சந்தேகம் இருந்தால் ஐந்து மட்டும் போட்டு, ஹேமருக்கு அடியில் இருக்கும் அறையைக் காலியாக விடுங்கள்.

வேட்டி மடிப்பில் செருகுவதும் பைக் பெட்டியில் போடுவதும் கூடவே கூடாது. ட்ரிகரை முழுசாக மூடும் கெட்டியான உறை வேண்டும். ஹேமரை இழுத்து வைத்தபடி ஒருபோதும் உறையில் போடாதீர்கள். திருவிழா, கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவது ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறைக்கான குற்றம்.

பயிற்சியில் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக, 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். தோட்டாவின் ஈயக் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டா குழலையே கிழித்துவிடும். சுட்டும் வெடிக்கவில்லையென்றால் குழலைத் திருப்பாமல் அரை நிமிடம் பொறுத்து, பிறகு திறங்கள்.

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்தால், ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டா எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.