திருகோணமலைக்கு முதன்முறை வரும் தமிழ்நாட்டுப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்து குறைந்த செலவில் ஊர் பார்க்க வருபவர்கள் திருகோணமலையில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு: பெயர்ப்பலகையில் தமிழையும் தெருவோரத்தில் கோயிலையும் கண்டதும், தாம் நிற்பது வெளிநாடு என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

பணத்தில்தான் இது முதலில் தெரியும். இரு நாட்டிலும் ரூபாய் என்றே பெயர், ஆனால் ஓர் இந்திய ரூபாய் மூன்று இலங்கை ரூபாய்க்கும் அதிகமாகப் பெறும். ஒருநாள் அதிகாலையில் தேநீர்க் கடையொன்றில் இளைஞர் ஒருவர் இந்திய 500 ரூபாய்த் தாளை நீட்டினார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இஞ்ச எடுபடாது, தேத்தண்ணிக் காசு கிடக்கட்டும்" என்றார். வங்கி திறந்ததும் மாற்றிக்கொண்டு வருவதாக இளைஞர் சொல்ல, கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அன்று போயா. ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே அரச விடுமுறை, வங்கிகள் திறப்பதில்லை. ஆகவே விமான நிலையத்திலேயே இரண்டு நாள் செலவுக்காவது பணம் மாற்றிக்கொள்ளுங்கள். புறப்படும் தேதியைக் குறிக்கும்போது நாட்காட்டியில் பௌர்ணமியையும் பாருங்கள்.

அடுத்தது வழி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குபவர்கள் வழக்கத்தினால் கொழும்புக்குச் சென்று ஓர் இரவு அறை எடுத்துப் பணத்தைக் கரைக்கிறார்கள். விமான நிலையமோ கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. திருகோணமலை வீதியும் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று வடகிழக்காகவே ஏறுகிறது. நீர்கொழும்பிலிருந்து குருநாகலுக்குப் பஸ் பிடித்து, அங்கே மாறிக்கொண்டால் போதும். அந்தப் பாதையில் நடத்துநரிடம் தமிழ் செல்லுமென்று எண்ண வேண்டாம். "த்ரிகுணாமலய" என்ற சிங்களப் பெயரையோ "ட்ரிங்கோ" என்பதையோ சொன்னால் உடனே புரிந்துகொள்வார். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்திலோ நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலிலோ வருபவர்களுக்குக் கொழும்புப் பக்கமே வேலையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகப் பஸ்ஸில் வந்துவிடலாம்.

பயண அனுமதிக்கு இலங்கை அரசின் தளத்தை விட்டு, அதைப்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களில் கூடுதல் பணம் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது.

அறை பதிவு செய்யும்போது "திருகோணமலை" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள், அறை உப்புவெளியிலோ நிலாவெளியிலோ இருக்கலாம். உப்புவெளி நகரத்துக்கு வடக்கே சில கிலோமீற்றரிலும், நிலாவெளி அதையும் தாண்டி, நகரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றரிலும் உள்ளன. கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்து விடியுமுன் இறங்குபவர், பஸ் ஓடத் தொடங்கும்வரை காத்திராமல் ஆட்டோவில் ஏறினால் அந்த ஒரு பயணத்திலேயே அன்றைய சாப்பாட்டுக் காசு போய்விடும். ஏறத்தான் வேண்டுமென்றால், ஏறுமுன் கூலியைப் பேசுங்கள்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் சிறு தீவான புறாத்தீவைப் பார்ப்பதற்கென்றே மார்கழியில் வருவது வீண். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றில் இந்தக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் அமைதி. அப்போதும் தனியாகப் படகு பிடிக்காதீர்கள். படகுக்கூலி ஆளுக்கல்ல, படகுக்கே. நிலாவெளிக் கரையில் சற்று நேரம் நின்றால் பங்கு போட ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள் செல்கிறது. அங்கே மான்களைப் படமெடுக்கலாம், இராணுவ முகாமை எடுக்கக் கூடாது.

கடைசியாக, தேநீர்க் கடையில் நீங்கள் கேளாமலே ரோல்ஸ், பற்றிஸ், வடை நிறைந்த தட்டொன்றை மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசமென்று எண்ணி முழுவதையும் தின்றவர்களும் உண்டு, ஏமாற்றுகிறார்களென்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. எடுத்ததை மட்டும் எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு, மிச்சத்தை அடுத்த மேசைக்குக் கொண்டுபோவார்கள்.